ஒரேயொரு இஞ்சி, ராத்தா

சாய்ந்தமருதில் தையல் தெரியாத பெண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒழுங்காகக் கை வைக்கத் தெரிந்த பெண்ணைத் தேடிப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் இடையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

காரணம் கேட்டால் கடலைத்தான் காட்ட வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, உதவி செய்ய வந்த நிறுவனங்கள் ஆண்களுக்குத் தோணியும் வலையும் கொடுத்தன. பெண்களுக்கு என்ன கொடுப்பதென்று கூட்டம் போட்டு யோசித்து, கடைசியில் தையல் மெசின் கொடுத்தன. ஒரு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போக, அடுத்தது வந்து அதுவும் மெசினே கொடுத்தது. கூடாரத்தில் குந்தியிருந்தவளுக்கு வீடு வரமுன்னம் மெசின் வந்து சேர்ந்தது. வேலிக்கு வேலி ‘இங்கு சட்டை தைத்துக் கொடுக்கப்படும்’ என்று போர்டு தொங்கியது. ஊரில் எல்லோரும் தைக்கிறவர்கள் என்றால் தைக்கக் கொடுப்பது யார்? அதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அதனால் அவரவர் சட்டையை அவரவரே தைத்தார்கள். உடம்பு எல்லோருக்கும் வந்தது. நேரே வெட்டி நேரே அடிக்கிற வேலைதானே. கழுத்தும் ஒருமாதிரி ஒப்பேறியது. கை வைக்கிற இடத்தில்தான் ஊர் முழுக்கச் சறுக்கியது. அப்போது என் வாசலுக்கு வரத் தொடங்கிய சனம் இன்னும் ஓயவில்லை. என் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘கை ராத்தா வீடு’ என்றால் ஓட்டோக்காரன் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

வருகிறவர்கள் யாரும் பிழையை ஒப்புக்கொண்டு வருவதில்லை. கையில் சொப்பிங் பேக், அதற்குள் சுருட்டிய சட்டை, வாயில் ஒரு வாக்குமூலம்.

“உடம்பெல்லாம் அந்தமாதிரி வந்திருக்கு ராத்தா. பக்கத்தில ஒரேயொரு இஞ்சிதான் கூட்டினன். மறுகா பார்த்தா கை பொருந்துதில்ல. இந்தக் கைதான் பிழை.”

கை எப்போதும் குற்றவாளி. உடம்பு எப்போதும் நிரபராதி. பக்கத்தில் அங்குலம் கூட்டியது யார், கைக்குழி அதனால் அகன்றது எப்படி, கை மட்டும் பழைய அளவிலேயே ஏன் கிடக்கிறது என்ற விசாரணை எதுவும் இல்லை. நேரே தீர்ப்புத்தான்.

ஒரு நாள் காரைதீவுப் பக்கமிருந்து ஒரு அக்கா தன் பேட்டனையே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் பேட்டன் என்றால் பழைய பேப்பர். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் நாட்டுக்கு என்னென்ன சேவை செய்தனவோ, தையல்காரிகளுக்குச் செய்த சேவையை எந்த வரலாற்றிலும் எழுதவில்லை. அகலமான தாள்; ஒரு முழுக்கை மடிப்பில்லாமல் அடங்கும். அந்த அக்காவின் பேட்டனில் முன்பக்கத் துண்டை விரித்துப் பார்த்தேன். நடுவில் கலியாணம் முடித்த காலத்துப் பேப்பர், பழுத்த மஞ்சள். அதன் விளிம்பில் கோதுமைப் பசையால் ஒரு கீற்று ஒட்டியிருந்தது. அது மூத்த பிள்ளை பிறந்த பிறகு. அந்தக் கீற்றின் விளிம்பில் இன்னொரு கீற்று, அது இளையவன். கடைசிக் கீற்றில் கலர்ப் படம் அச்சாகியிருந்தது, சமையல் எண்ணெய் விளம்பரம். ஒரு குடும்பத்தின் சரித்திரம் முழுக்க விலா ஓரமாகப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கிடந்தது.

கைத்துண்டை எடுத்தேன். ஒரே பேப்பர். கலியாண வருசத்து மரண அறிவித்தல் பக்கம். அக்குள் இருக்கிற இடத்தில் யாரோ ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கீற்றும் ஒட்டியிருக்கவில்லை.

“அக்கா, உடம்பு இவ்வளவு வளர்ந்திருக்கே, கை வளரல்லையா?”

“கை என்னத்துக்கு வளருது? நான் கையாலயா சாப்பிட்டு உடம்பு வைச்சன்?”

கையால்தான் சாப்பிட்டிருப்பார் என்று சொல்ல வாய் உன்னியது. வாடிக்கையாளர்; அடக்கிக்கொண்டேன்.

விசயம் இவ்வளவுதான். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் முன்துண்டுக்கு அரை அங்குலம், பின்துண்டுக்கு அரை அங்குலம் கூட்டினால் கைக்குழியின் சுற்றளவு கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கூடிவிடும். அப்படியானால் கைத்துண்டின் அக்குள் முனையிலும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் கூட்ட வேண்டும். உடம்புக்கு ஒட்டிய அதே கீற்றைக் கைக்கும் ஒட்டினால் சண்டை முடிந்தது. தோள் சரிந்தவர்கள் தோள் நுனியில் அரை அங்குலம் வெட்டி எடுப்பார்கள். எடுத்த அரை அங்குலத்துக்குக் கைக்குழியின் அடியையும் அரை அங்குலம் இறக்கிவிட்டால் குழி பழைய அளவுக்கே வந்துவிடும். கையைத் தொடவே வேண்டாம். குள்ளமானவர்கள் தோளுக்கும் அக்குளுக்கும் இடையில் பேப்பரைக் குறுக்கே மடித்துக் குறைப்பார்கள். மடித்தது எவ்வளவோ, கையின் மேல்வளைவிலும் அவ்வளவு உயரம் மடிக்க வேண்டும். இதை விளங்கப்படுத்தினால் எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு மயக்கம் வரும். “ராத்தா, எனக்கு ஓ.லெவல்லயே கணக்குப் போகல்ல” என்பார்கள். சீட்டுக் காசு, நகை அடகு வட்டி, தேங்காய் நூற்றுக்கு என்ன விலை என்பதெல்லாம் மனக்கணக்கில் வரும். அரை அங்குலம் என்றால் மட்டும் கணக்குப் பாடம்.

இதைவிட மோசமான கூட்டம் ஒன்று உண்டு: அளந்து பார்ப்பவர்கள். அளப்பது நல்ல பழக்கம்தான். அளவு நாடாவை விளிம்பில் நிற்கவைத்து, வெட்டுக் கோட்டில் அல்ல, தையல் ஓடும் கோட்டில் வளைத்துக்கொண்டு போய் அளந்தால் கைக்குழியைவிடக் கையின் வளைவு ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை நீளமாக இருக்கும். இருக்க வேண்டும். தோள் எலும்பு உருண்டை; அந்த உருண்டையை மூடத்தான் அந்த மிச்சம். ஆனால் இவர்கள் அளந்ததும், “பார்த்தியா, கை பெரிசா வெட்டிப் போட்டாள்” என்று பேட்டன் வெட்டியவளைத் திட்டிக்கொண்டு, அந்த ஒன்றரை அங்குலத்தையும் கத்தரிக்கோலால் சீவி எறிந்துவிட்டு வருவார்கள். சீவிய துணியை ஒட்ட எந்த ராத்தாவாலும் ஏலாது. அந்தச் சட்டையைப் போட்டால் தோளில் பலகை வைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் பகுதி வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணின் பெயரில். மாப்பிள்ளைதான் மூட்டை முடிச்சோடு வந்து குடியேறுவார். கை வைப்பதும் மாப்பிள்ளை எடுக்கிற அதே காரியந்தான். இருக்கிற இடத்தைவிட வருகிறவர் ஒரு சுற்றுப் பெரியவர். முன்கோபம் ஒரு பக்கம், பின்னால் உம்மாவின் பேச்சு ஒரு பக்கம். அவரைச் சீவவும் கூடாது, வாசலை இடிக்கவும் கூடாது. ஒரு சுருக்கமும் வெளியில் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும். எந்தக் குறி எந்தக் குறியோடு சேர வேண்டுமென்று முதலே பேசி முடித்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விட்டால் எந்த மாமியாலும் அடக்க முடியாது. சுருக்கம் விழுந்துதான் தீரும், ஊர் பார்த்துத்தான் தீரும்.

அடக்குகிற விதம் இதுதான். கையின் மேல்வளைவில் நீளத் தையலாக இரண்டு வரி ஓட்டி, நூலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். துணி குழிவிழுந்து ஒரு கிண்ணம் மாதிரி ஆகும். அந்தக் கூடுதலை உச்சிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சரிவுகளில் பரவிவிட வேண்டும். அங்கேதான் துணி சாய்வாக ஓடுகிறது. சொன்ன சொல் கேட்கும். அக்குள் பக்கத்தில் ஒரு நூலளவும் சேரக் கூடாது. மறுகா ஒரு துவாயை இறுக்கிச் சுருட்டிக் கையின் உச்சிக்குள் செருகி, ஈரத் துணி போட்டு, அயன்பெட்டியின் மூக்கால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் துணிக்குள் மூழ்கிப் போவதைப் பார்க்கலாம்.

பருத்தி என்றால். மருதமுனைத் தறியில் நெய்த பருத்தி இந்த வேலைக்கென்றே பிறந்தது. நனைத்தால் இணங்கும், சூடு பட்டால் அடங்கும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக இறங்கியதும் எங்கள் பக்கத்துத் தறிகள் பல வாயை மூடின. இப்போது அபாயாவுக்கு எல்லோரும் கேட்பது நிதா. கறுப்பு, வழுவழு, கசங்காது, துவைத்தால் உடனே காயும். எல்லா நல்ல குணமும் உண்டு. கை வைக்க மட்டும் விடாது. பொலியெஸ்டருக்கு ஈரமும் தெரியாது, உபதேசமும் ஏறாது. கொஞ்சம் சூட்டைக் கூட்டினால் அயன்பெட்டியின் படம் பளபளவென்று விழுந்துவிடும். நிதா என்றால் கையின் மிச்சத்தைப் பேப்பரிலேயே முக்கால் அங்குலத்துக்குக் குறைத்துவிடு என்று வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எழுதிய கொப்பியை மெசின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்.

இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிற எனக்கே பாடம் எடுக்கக்கூடிய ஒருத்தி பாண்டிருப்பில் இருக்கிறாள். கட்டுநாயக்கா கார்மென்ட்டில் வருசக்கணக்காகக் கிடந்து வந்தவள். அங்கே முழுச்சட்டை யாரும் தைப்பதில்லை. ஒருத்தி கொலர், ஒருத்தி பொக்கற், ஒருத்தி பொத்தான் துளை. இவளுக்குக் கை. காலையில் உட்கார்ந்தால் இரவு எழும்பும்வரை கை, கை, கை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனை பேர் இவள் வைத்த கையை நீட்டிக் கோப்பி குடித்தார்களோ. அவளிடம் ஒரு பாவாடையைக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பாள். கையைக் கொடுத்தால் நான் நூல் கோக்குமுன் வைத்து முடித்துவிடுவாள்.

நான் குண்டூசி டப்பாவைத் திறக்கிறதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“என்னக்கா, ஊசி குத்திக்கொண்டிருந்தா டார்கெட் என்னத்துக்காகும்?”

அவள் ஒரு குண்டூசியும் குத்துவதில்லை, நூலும் ஓட்டுவதில்லை. கைத்துண்டைக் கீழே போட்டாள், உடம்பை மேலே போட்டாள். மெசினின் பல் கீழ்த் துணியைத்தான் கூடுதலாக இழுக்கும். ஆகவே மிச்சம் உள்ள துணி பல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் மெசினே அதை உள்ளே தின்றுவிடும். இடது கையின் இரண்டு விரலால் மேல்துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். சர்ரென்று ஒரு சத்தம். ஒரு சுருக்கமும் இல்லை. 1877இல் சிங்கர் கொம்பனி இலங்கையில் கால்வைத்த நாள்முதல் எங்கள் மூத்தம்மாமார் பல்லைத் திட்டிக்கொண்டே தைத்தார்கள். இவள் பல்லை வேலைக்காரியாக்கிவிட்டாள். தையல் புத்தகத்தில் கையை மேலே வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறதே என்றேன். “புத்தகம் எழுதினவருக்கு டார்கெட் இல்லையே அக்கா” என்றாள்.

2022 நோன்பிலும் அவள்தான் கை கொடுத்தாள். நோன்பு தொடங்கும் தறுவாயில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனது ஞாபகமிருக்கும். மோட்டார் பூட்டிய மெசின்களெல்லாம் மூலையில் சும்மா கிடக்க, பழைய கால்மெசின்கள் துருவைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தன. தராவீஹ் முடிந்த கையோடு குப்பி விளக்கு வெளிச்சத்தில் மிதிப்போம். கறுப்பு நிதா, கறுப்பு நூல், கறுப்பு இரவு. அந்தப் பெருநாளுக்கு ஊரில் எத்தனை கை முன்பின் மாறி வைக்கப்பட்டதோ, அல்லாஹ்தான் அறிவான்.

கைக்கு முன் பின் உண்டு. முன்பக்கம் ஆழமாகக் குடைந்திருக்கும், பின்பக்கம் சற்று நிரம்பியிருக்கும், ஏனென்றால் மனிசர் கையை முன்னால் நீட்டித்தான் உலகத்தில் எல்லா வேலையும் செய்கிறார்கள். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் வலம் இடமாக ஒரு சோடி வரும். துணி காணாதென்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முகத்தில் வெட்டினால் இரண்டும் ஒரே கை. ஒலுவில் கம்பசில் படிக்கிற ஒரு பிள்ளை அப்படித்தான் கொண்டுவந்தது. அதன் கதை அதோடு நிற்கவில்லை. பேட்டனை இண்டர்நெட்டில் எடுத்து, கொமினிகேசன் கடையில் ஏ4 தாளில் அச்சடித்து, ஒட்டி வெட்டியிருக்கிறது. அச்சடித்த பையன் தாளுக்குள் அடங்கட்டுமென்று படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டான். இப்படி நடக்குமென்று தெரிந்துதான் பேட்டன் போட்டவர்கள் முதல் தாளில் அளந்து பார்க்க ஒரு சதுரம் வைத்திருப்பார்கள்.

“இந்தச் சதுரத்த அளந்தியா மகள்?”

“அது டிசைன் எண்டு நினைச்சன் மிஸ்.”

சுருங்கிய பேட்டனில் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்ததால் கையும் குழியும் ஒற்றுமையாகத்தான் இருந்தன. பிள்ளையின் உடம்பு மட்டும் சுருங்கவில்லை. ஆகவே பக்கத்தில் தாராளமாகக் கூட்டியிருந்தது. கையில் கூட்டவில்லை. கூட்டாத அந்தக் கையிலும் இரண்டுமே இடக்கை.

அப்போது திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த என் மூத்தம்மா எட்டிப் பார்த்தா. “ரெண்டும் இடக்கையா? யா அல்லாஹ்! அப்ப இந்தச் சட்டையோட சோறு தின்ன ஏலாதே புள்ள.”

அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் கூலி கேட்க மனம் வரவில்லை. கேட்டேன். மனம் வராததற்கெல்லாம் கேட்காமல் விட்டால் நூல் கட்டை யார் வாங்குவது?

இதெல்லாம் சில்லறைப் பிழைகள். ஊரில் மிகப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அதைப் பிழையென்று யாரும் ஏற்கமாட்டார்கள். அது ஒரு நம்பிக்கை. கைக்குழி பெரிசாக இருந்தால் கைக்குச் சுகம், உடுப்பும் அடக்கமாக இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. “குழிய நல்லா ஆழமா வெட்டுங்க ராத்தா, லூசாக் கிடக்கட்டும்.” இதைக் கேட்காத நாள் இல்லை.

கை சுழல்வது தோள் மூட்டில். சட்டையின் அக்குள் அந்த மூட்டுக்குப் பக்கத்தில், உடம்பின் அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால், கையை உயர்த்தும்போது கை மட்டும் உயரும். குழியை விலா வரைக்கும் தோண்டிவிட்டால் கையின் வேர் விலாவில். அப்போது கையை உயர்த்த வேண்டுமென்றால் விலாவையும் தூக்கிக்கொண்டுதான் உயர வேண்டும். ராக்கையில் இருக்கிற சீனிப் போத்தலை எடுக்கக் கை நீட்டுங்கள். சட்டை முழுக்க மேலே ஏறிவரும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் நின்றுகொண்டு மேல்கம்பியைப் பிடியுங்கள். கணுக்கால் வரை இருந்த உடுப்பு எங்கே வந்து நிற்கிறதென்று பாருங்கள். அடக்கத்துக்கென்று கேட்டு வாங்கிய குழி செய்கிற காரியம் இது. சின்னக் குழிதான் கைக்குச் சுதந்திரம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சிலர் என் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, வீட்டில் போய்த் தாங்களே குழியைத் தோண்டிக்கொள்கிறார்கள்.

ஆழக் குழிக்கு ஆதரவாக ஒரு மச்சான் என்னிடம் வழக்காடினார். மூத்தாப்பாவின் ஜுப்பாவில் கை எவ்வளவு லூசு, அவர் அதைப் போட்டுக்கொண்டு தென்னை மரமே ஏறினாரே என்றார். வாஸ்தவம். அந்த ஜுப்பாவைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து அக்குளைத் திருப்பிக் காட்டினேன். அங்கே ஒரு சதுரத் துண்டு, மூலை திருப்பித் தைத்தது. கை உயரும்போது விரிந்து கொடுப்பது அந்தத் துண்டு. பழைய தையல்காரன் வளைவே வெட்டவில்லை. நேர்க்கோடும் சதுரமுமாகவே வேலையை முடித்துவிட்டான். பிரான்சில் லியோன் நகர நூதனசாலையில் சார்ல்ஸ் டி புளுவா என்ற பிரபுவின் மேற்சட்டை ஒன்று இருக்கிறது. 1364இல் போரில் செத்தவர். அந்தச் சட்டையின் கைக்குழி நெஞ்சிலும் முதுகிலும் தட்டளவு வட்டமாக வெட்டியது. ஆனால் அங்கேயும் சும்மா பெரிய குழி வெட்டிவிட்டு விடவில்லை. வாளை ஓங்க வேண்டுமே என்று கைக்குள் முக்கோணத் துண்டுகள் கோத்திருக்கிறார்கள். ஆளைக் கொன்றது எதிரி. கை அல்ல.

“அப்ப எனக்கும் ஒரு துண்டு வைச்சுத் தாங்க.”

“வைக்கலாம் மச்சான். நீங்க மரம் ஏறப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?”

அவர் போனது கலியாணத்துக்கு. அந்தக் கலியாணத்தில்தான் ஆழக் குழியின் முழு மகிமையையும் ஊர் பார்த்தது.

மாப்பிள்ளை வாடகைக் கோட். வாடகைக் கோட் என்றால் மெலிந்தவன், தடித்தவன், நெட்டையன், குட்டையன் எல்லோருக்கும் ஏற வேண்டும். ஆகவே குழியைத் தாழ்த்தித்தான் வெட்டுவார்கள். கையைத் தொங்கப்போட்டு நின்றால் அமைச்சர் மாதிரி இருக்கும். நிக்காஹ் முடியும்வரை எங்கள் மாப்பிள்ளை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நின்றார். கையெழுத்துப் போட்டபோதுகூட மேசை தாழ்வாக இருந்தபடியால் தப்பித்துக்கொண்டார். பெண் வீட்டுக்கு வந்து, தாலி கட்டுகிற நேரம், பெண்ணின் கழுத்துக்கு மேலே இரண்டு கையையும் உயர்த்தினார்.

கை உயரவில்லை. கோட் உயர்ந்தது. தோள் இரண்டும் காது மட்டத்துக்கு வந்தன. கொலர் பிடரியை விட்டு எழும்பித் தலைக்குப் பின்னால் தனியே ஒரு கூரை மாதிரி நின்றது. கழுத்து என்ற ஒன்று இல்லாத மாப்பிள்ளையாகிவிட்டார். படக்காரன் “இன்னும் கொஞ்சம் கைய உயர்த்துங்க” என்றான். உயர்த்தினார். கோட்டின் முன்பொத்தான் நெஞ்சுக்கு வந்து, கீழே சேட்டு ஒரு சாண் தெரிந்தது. பொண்டுகள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்தபடியே குலுங்கினாள்; அழுகிறாளாக்கும் என்று அவள் உம்மா முதுகைத் தடவிவிட்டா.

“ராத்தா, நீங்க கைக்காரி, என்னவாச்சும் பண்ணுங்க” என்று என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். பெண்ணறை நடுவில் வைத்துக் கோட்டின் குழியைக் குறைக்க நான் என்ன மந்திரவாதியா? “கோட்டக் கழட்டச் சொல்லுங்க” என்றேன்.

“கோட் இல்லாமப் படம் எடுக்கிறதா? நாளைக்கு அல்பத்தில பார்க்கிற சனம் என்ன சொல்லும்?” இது மாப்பிள்ளையின் பெரியம்மா.

மாமிதான் முடிவெடுத்தா. முன்னால் வந்து, கோட்டைக் கழட்டி, கைகளுக்குள் கை போடாமல் சும்மா தோளில் போர்த்திவிட்டா. அவர் சேட்டோடு கையை உயர்த்தித் தாலியைக் கட்டி முடித்தார். கோட் ஆடாமல் அசையாமல் அமைச்சராகவே இருந்தது. வெறும் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. சாப்பாட்டுச் சஹனில் குந்தியபோதும் அப்படியே. நடுவிலிருந்த கோழிக்கால்வரை கை எட்டியது, மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டார்.

அல்பம் வந்தது. பார்த்த பெடியன்களுக்கு அது பிசகாகத் தெரியவில்லை, ஸ்டைலாகத் தெரிந்தது. அதற்கடுத்த சீசனில் கல்முனைக்குடியிலும் நிந்தவூரிலும் மாப்பிள்ளைமார் கோட்டைப் போர்த்திக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். நேற்று ஒருவன் கோட் துணியோடு என் வாசலுக்கே வந்துவிட்டான். கைக்குள் கை போடப் போவதில்லையாம். ஆகவே கை வைக்கிற கூலியில் பாதி குறைக்க வேண்டுமாம்.